பூஜ்யத்துக்கு மிக அருகில்

புதன்கிழமை, மாலை

மலையைக் குடைந்துகொண்டிருக்கும் என் அன்புக் கணவருக்கு,

குடைவதற்கு மாணவர்களின் பொறுமையைத் தவிர வேறொன்றும் இல்லாத கல்லூரியிலிருந்து உங்கள் மனைவி எழுதுவது. நானும் உங்கள் தங்கையும் நலம். 'நலமறிய ஆவல்' என்று எழுதினால் 'நலம்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிடுகிறீர்கள். ஆகவே, விவரமறிய ஆவல். போனில் பேசலாம் என்றால் உங்கள் மலைக்கு நடுவே சிக்னல் கிடைக்கும்போது நீங்கள் கிடைப்பதில்லை. நீங்கள் கிடைக்கும்போது ஒரு 'ம்' மட்டும் கிடைக்கிறது. காகிதத்தில் 'ம்' என்று எழுதி தபாலில் சேர்க்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. எனக்கு என் வேலை பிடித்துப்போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்தா என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷம் எனக்குக் கணிதம் பிடித்திருந்தது, விடுமுறையும் பிடித்திருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வகுப்பு இப்போதுதான் பிடித்திருக்கிறது.

நீங்கள் பொறியாளர், இது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு வளைகோடு, அதன்மேல் இரண்டு புள்ளிகள். இரண்டையும் சேர்த்து ஒரு நேர்கோடு போட்டால் அது வெட்டுக்கோடு. ஒரு புள்ளியை அப்படியே வைத்துவிட்டு மற்றதை அதை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால், அந்தக் கோடு மெல்லத் திரும்பித் திரும்பி, வளைவை அந்த இடத்தில் தொட்டு நிற்கும் தொடுகோட்டை நெருங்கிவிடும். முதல் பருவ நுண்கணிதம் முழுக்க இந்த ஒரு நகர்வின்மேல்தான் நிற்கிறது. இதை நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேன்? கரும்பலகையில் ஐந்து கோடு போட்டு, "இது அப்படியே நகருதுன்னு கற்பனை பண்ணிக்கோங்க" என்றேன். சாக்பீஸ் நகரவில்லை. பிள்ளைகள் கற்பனை செய்தார்கள். என்ன கற்பனை என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளைக்கு முந்தைய வகுப்பு அது.

கரும்பலகையின் வலது பக்கம் ஓர் ஆணித்தலை துருத்திக்கொண்டிருப்பதைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? எந்தக் காலத்திலோ யாரோ எதையோ மாட்டுவதற்கு அடித்தது. நான் பரவளையம் வரையும்போது சாக்பீஸ் அங்கே ஒரு சின்னத் துள்ளல் துள்ளி இறங்கும். போன பருவத்து விடைத்தாள்களைத் திருத்தும்போது பார்க்கிறேன், வகுப்பு மொத்தமும் பரவளையத்தின் வலது தோளில் ஒரு குட்டி மேடு வைத்து வரைந்திருக்கிறது. ஒருவர் பாக்கியில்லை. ஒருத்தி அந்த மேட்டுக்கு அம்புக்குறி போட்டு 'முக்கியம்' என்று வேறு எழுதியிருந்தாள். என் பிள்ளைகள் வகுப்பைக் கவனிப்பதில்லை என்று இனி யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்த அன்றுதான் இணையத்தில் தேட ஆரம்பித்தேன். ஒரு பக்கம் கிடைத்தது. நாமே வளைகோடு போட்டுக்கொள்ளலாம். கீழே ஒரு ஸ்லைடர். அதை விரலால் இழுத்தால் புள்ளி நகர்கிறது. புள்ளி நகர்ந்தால் கோடு திரும்புகிறது. கோடு திரும்பத் திரும்பப் பக்கத்தில் சாய்வு எத்தனை என்று எண் ஓடுகிறது. அதை நான் முதல்முறை இழுத்துப் பார்த்தபோது என்ன செய்தேன் என்று உங்கள் தங்கையைக் கேளுங்கள். மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்தவள், "என்ன அண்ணி, லாட்டரியா?" என்றாள்.

மறுநாளே பிள்ளைகளை கம்ப்யூட்டர் லேபுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மாடியில் இருக்கிறது. பாதி நாற்காலிகளுக்குச் சக்கரம் கிடையாது. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியின்மேல் 'கணிதத் துறை' என்று பெயின்டால் எழுதியிருக்கிறது. எங்கள் துறைக்கென்று கல்லூரி கொடுத்திருக்கும் ஒரே உபகரணம் அதுதான்.

கடைசி வரிசையில் ஒருத்தி உண்டு. வீட்டுப்பாடம் கேட்டால் எப்போதும் அடுத்த திங்கட்கிழமைக்கு வாய்தா வாங்குவாள். அதனால் வகுப்பில் அவள் பெயரே வாய்தா. அவள்தான் முதலில் கத்தினாள். "மேடம், கோடு திரும்புது!" திரும்பும் என்றுதானே நான் தொண்டை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். "நீங்க சொன்னீங்க மேடம், இல்லைன்னு சொல்லல. ஆனா இது நெஜமாவே திரும்புதே!" என்றாள். என்னைப் பற்றி என் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்ட மிகத் துல்லியமான மதிப்பீடு இது.

உங்களையும் வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டேன். கோபிக்காதீர்கள். ஓர் எல்லை, அதாவது லிமிட், இருக்கிறது என்றால் இடமிருந்து போனாலும் வலமிருந்து போனாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று சொல்ல, உங்கள் சுரங்கப்பாதையைவிட நல்ல உதாரணம் இல்லை. மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குழு, இந்தப் பக்கமிருந்து ஒரு குழு. நடுவில் சந்தித்தால் பாதை. சந்திக்காவிட்டால் இரண்டு குகை. இதற்காக இரண்டு ஸ்லைடர் வைத்து ஒரு பக்கம் செய்தேன். "சார் எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டார்கள். இடது பக்கம் என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் இடது புள்ளியின் பெயர் சார். "சார் இன்னும் வரல மேடம்", "சாரைக் கொஞ்சம் இழுத்து விடுடா" என்று லேப் முழுக்க ஒரே பேச்சு. நீங்கள் இல்லாத ஊரில் உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

இனி மற்றச் செய்தி. எங்கள் கல்லூரி முதல்வர் ஒரு நிறுவனத்தாரின் வண்ண விளம்பரப் புத்தகத்தைப் படித்துவிட்டார். நுண்கணிதம் முழுவதையும் ஒருவரே பேசிப் பதிவு செய்த வீடியோ பாடங்கள். பெரிய அரங்கில் எல்லாப் பிரிவையும் உட்காரவைத்துப் போட்டுவிடலாமாம். "அவர் லீவு போடமாட்டார் மேடம்" என்றார் முதல்வர், என்னைக் கனிவாகப் பார்த்தபடி. உண்மைதான். பார்த்தேன், அவர் இருமுவதுகூட இல்லை. "அப்ப நான்?" என்று கேட்டேன். "நீங்கதான் ஒருங்கிணைப்பாளர்" என்றார். விசாரித்ததில், ஒருங்கிணைப்பாளர் என்பவர் வீடியோவைப் போடுகிறவர். மணி அடித்தால் நிறுத்துகிறவரும் அவரே.

நான் என் லேப் வகுப்பைச் சொன்னேன். வெளியிலிருந்து ஓர் உறுப்பினரையும் சேர்த்து ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அவர்கள் வந்து ஒரு வகுப்பைப் பார்த்து, வீடியோவா நானா என்று முடிவு செய்வார்கள்.

வகுப்பு என் கையைவிட்டுப் போனால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு உங்களிடமே வந்துவிடுவேன் என்று நாம் பேசிவைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அங்கே இரண்டு அறை வீடு பார்த்து, சன்னலுக்குப் பச்சைத் திரை போட்டு, என் புத்தகங்களுக்கு அலமாரி அடிக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். வகுப்பு என்னிடமே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நாம் பேசவேயில்லை. அப்படி நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

வேலை 'கிட்டத்தட்ட முடிந்தது' என்று எழுதியிருந்தீர்கள். போன மழைக்கு முன்பும் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அலமாரிக்கு எத்தனை அடி வேண்டும் என்ற கேள்விக்கு இந்தத் தாளில் இடம் போதவில்லை. அடுத்ததில் எழுதுகிறேன்.

தலையில் ஹெல்மெட்டும் வயிற்றில் சாப்பாடும் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் ஒருங்கிணைப்பாளர் ஆகாத உங்கள் மனைவி


வெள்ளிக்கிழமை, கல்லூரி முடிந்து வந்த கையோடு

சாருக்கு (வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள், நான் மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?),

உங்கள் பதில் ஒரு வாரம் கழித்துக் கிடைத்தது. ஐந்து வரி. அதில் ஒன்று தேதி, ஒன்று 'அன்புள்ள', ஒன்று கையெழுத்து. மீதி இரண்டில் ஒன்று 'வேலை கிட்டத்தட்ட முடிந்தது'. மற்றது 'அலமாரிக்கு அளவு?'. அந்தக் கேள்விக்குறியை அழுத்திப் போட்டிருந்ததில் உங்கள் பாசம் தெரிந்தது. பலகை வாங்கியாயிற்று என்று பின்குறிப்பு வேறு. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இன்று நடந்ததை நீங்கள் கேட்டாக வேண்டும். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து சரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தவறு நேற்றே நடந்துவிட்டது. உங்கள் தங்கையை மாணவியாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். வளைகோடு x-இன் வர்க்கம். ஒரு புள்ளி, x ஒன்றாக இருக்கும் இடத்தில் நிலையாக நிற்கிறது. மற்றது அதிலிருந்து h தூரம் தள்ளி. h-ஐ ஸ்லைடரில் குறைக்கக் குறைக்கக் கிட்டே வரும். அவள் தன் போனில் இழுத்துப் பார்த்துவிட்டு, "நகர மாட்டேங்குது அண்ணி, உங்களுக்கு மட்டும்தான் நகருமா? நல்ல ஜனநாயகம்!" என்றாள். ரோஷத்தில் அமைப்புக்குள் போய், லிங்க் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று திறந்துவிட்டேன். அவள் ஆசைதீர இழுத்தாள். "இதுல ஜெயிச்சா என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள். வகைக்கெழு கிடைக்கும் என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள். நானும் படுக்கப் போய்விட்டேன். திறந்ததை மூடவில்லை.

இன்று காலை குழு வந்தது. முதல்வர், எங்கள் துறைத் தலைவர், வெளி உறுப்பினர். இந்த மூன்றாமவர் எதைச் சொன்னாலும் "நோட் பண்ணிக்கிட்டேன்" என்பார், ஆனால் எழுதமாட்டார். வணக்கம் சொன்னேன். அதையும் நோட் பண்ணிக்கொண்டார். சக்கரம் இருக்கும் நாற்காலிகளைப் பார்த்து மூவரையும் முன்வரிசையில் உட்காரவைத்து, லிங்கைப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். மரியாதைக்காகக் குழுவுக்கும் அனுப்பினேன். புரொஜெக்டரில் என் பக்கம் விரிந்தது.

"இப்ப நான் h-ஐக் குறைக்கிறேன், பாருங்க" என்று சொல்லி மவுஸைத் தொடுவதற்குள் புள்ளி கிளம்பிவிட்டது. நான் தொடவில்லை. வலது பக்கம் ஓடியது, திடீரென்று இடது பக்கம் பாய்ந்தது. கோடு ஒரு சுற்றுச் சுற்றி நின்று, மறுபடி எதிர்ப்பக்கம் சுற்றியது. ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. வகுப்பு மொத்தமும் ஒரே ஸ்லைடரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. "டேய், எம்பக்கம் விடுடா!", "யாருடி மைனஸ்ல இழுக்கிறது?" என்று சத்தம். யாரோ வளைகோட்டுக்கு ரோஸ் கலர் அடித்தார்கள். வெளி உறுப்பினர் அதை நோட் பண்ணிக்கொண்டார்.

அப்போது கோடு மறைந்துவிட்டது.

வளைகோடு இருக்கிறது, புள்ளி இருக்கிறது, கோட்டைக் காணோம். சாய்வு ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி, நீங்கள் போட்டிருந்த மாதிரியே அழுத்தமாக. லேப் அடங்கிவிட்டது. துறைத் தலைவர், "நெட் போயிடுச்சா மேடம்?" என்றார். முதல்வர் பெருமூச்சு விட்டு, வெளி உறுப்பினர் பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்கும்படியான ரகசியக் குரலில், "வீடியோன்னா இப்படியெல்லாம் ஆகாது சார்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு உங்கள் பச்சைத் திரைதான் ஞாபகம் வந்தது. சரி, போய்விடலாம் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அரை நிமிஷம் இருந்திருக்கும் அந்த நிம்மதி.

கடைசி வரிசையிலிருந்து வாய்தா எழுந்தாள். "நெட்டெல்லாம் போகல சார். எவனோ h-ல பூஜ்யம் போட்டுட்டான்" என்றாள்.

அவ்வளவுதான், லேப் பொங்கிவிட்டது. "யாருடா போட்டது?", "நான் இல்ல, நான் பாயிண்ட் ஒண்ணுலதான் இருந்தேன்", "அறிவிருக்கா, பூஜ்யம் போட்டா கோடு எப்படிடா நிக்கும்?" கவனியுங்கள். கோடு ஏன் நிற்காது என்று நான் இன்னும் பாடம் நடத்தவில்லை. அது வரும் செவ்வாய்க்கிழமைப் பாடம். செவ்வாய்க்கிழமைப் பாடத்துக்காக வெள்ளிக்கிழமையே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளி உறுப்பினர் முதன்முறையாக "நோட் பண்ணிக்கிட்டேன்" தவிர வேறு ஒன்று சொன்னார். "பூஜ்யம் போட்டா என்னம்மா ஆகும்?" என்று வாய்தாவைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவளே சொன்னாள்: "ரெண்டு புள்ளியும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துரும் சார். ஒரே ஒரு புள்ளியை வச்சுக்கிட்டுக் கோடு போடுன்னா அது எந்தப் பக்கம் போடும்? எந்தப் பக்கம் வேணும்னாலும் போடலாம். அதான் பாவம், போடாம விட்டுருச்சு."

"அப்ப தொடுகோடு எப்படிக் கிடைக்குது?" என்றார் அவர்.

"கிட்டப் போகணும் சார். ரொம்பக் கிட்டப் போகணும். ஆனா உக்காந்துறக் கூடாது."

நான் இருபது வருஷமாகச் சொல்ல முயன்று, ஆணியில் இடறி, பாடப்புத்தகத்தில் மூன்று பக்கம் ஓடுகிற விஷயம் அது. எழுந்து கை தட்டலாமா என்று இருந்தது. பதவியின் கண்ணியம் கருதி ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளி உறுப்பினர் எழுந்து வந்தார். என் கையிலிருந்த மவுஸை வாங்கிக்கொண்டார். எல்லோரும் கையை எடுங்கள் என்று பிள்ளைகளை அதட்டிவிட்டு, h-க்குப் புள்ளி ஒன்று என்று அடித்தார். கோடு திரும்பி வந்தது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். சாய்வு 2.1. புள்ளி பூஜ்யம் ஒன்று. 2.01. இன்னொரு பூஜ்யம் சேர்த்தார். 2.001. "இந்தப் பக்கம்?" என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, மைனஸ் போட்டு வந்தார். 1.9, 1.99, 1.999. பிறகு நிமிர்ந்து, இந்த உலகில் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தியைச் சொல்வதுபோல, "ரெண்டு!" என்றார். வகுப்பு முழுவதும் "ரெண்டு!" என்றது. அவருக்கு டீ வந்தது. அதை மவுஸ் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். "சார், எங்களுக்கும் கொஞ்சம் இழுக்கக் குடுங்க சார்" என்று பிள்ளைகள் கெஞ்ச ஆரம்பித்தபோதுதான் எங்கே இருக்கிறோம் என்ற நினைவு அவருக்கு வந்தது.

போகும்போது முதல்வரிடம், "உங்க வீடியோவுல பூஜ்யம் போட முடியுமா?" என்று கேட்டார். முதல்வர் ஆழ்ந்து யோசித்து, "நிறுத்தி வைக்கலாம் சார்" என்றார்.

இன்னும் ஒன்று. எல்லோரும் போனபின் நடைபாதையில் துறைத் தலைவர் என்னைத் தனியே அழைத்தார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க அனுப்புன லிங்க்ல நான் சும்மா ஒரு பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். எதையும் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கிறதுதானே முறை? அதனால ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்றார். ஒரு பிரச்சனையும் இல்லை சார், உங்களால்தான் வகுப்பே நடந்தது என்றேன். அவர் அடக்கமாகத் தலையசைத்தார்.

முடிவை அடுத்த வாரம் சொல்வார்களாம். எனக்கு இப்போது ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும். உங்கள் தங்கையிடம் ஏற்கெனவே இரண்டுமுறை சொல்லிவிட்டேன். மூன்றாவது முறைக்கு அவள், "அண்ணி, எனக்கு அந்த h மேல இப்ப வெறுப்பே வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். எதிர் நாற்காலியில் யாரும் இல்லாத வீட்டில் சந்தோஷமான செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

அளவு கேட்டிருந்தீர்கள். முடிவு வரட்டும்.

மலை உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
மேசையைப் பிடித்தபடி நிற்கும் உங்கள் மனைவி


வியாழக்கிழமை, காலை

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் அனுப்பிய செய்தியும் எனக்கு வந்த செய்தியும் போன வாரம் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. எதை முதலில் படிப்பது என்று உங்கள் தங்கையைக் கேட்டேன். "அண்ணன் எழுதினது சின்னதாத்தான் இருக்கும், அதை முதல்ல முடிங்க" என்றாள்.

இரண்டு பக்கமும் சந்தித்துவிட்டதா! பாறை உடைந்து அந்தப் பக்கத்து விளக்கு வெளிச்சம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வகுப்பில் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். உங்கள் வாழ்க்கையிலேயே நீங்கள் எழுதிய மிக நீளமான வாக்கியம் அது என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த மலைக்கும் உங்களையே கேட்கிறார்கள், அங்கேயே இருந்துவிடலாம், நானும்தான் வரப்போகிறேனே என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் படித்தேன். அதை வகுப்பில் படிக்கவில்லை.

இனி என் செய்தி. வகுப்பு என்னிடமே இருக்கிறது. என்னிடம் மட்டுமல்ல, முதலாமாண்டுப் பிரிவுகள் அத்தனைக்கும் இதே முறையில் நடத்த வேண்டுமாம். பக்கங்கள் செய்வது, மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு, இரண்டு வருஷத்துக்கு. வெளி உறுப்பினரின் அறிக்கை அவ்வளவு பலமாம். தனக்கு அந்த லிங்கை மறுபடியும் அனுப்பும்படியும் அதில் கேட்டிருக்கிறாராம். முதல்வர் என்னை உட்காரவைத்து, "நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு வர்றேன் மேடம், பிள்ளைங்க கையால தொட்டுப் பார்க்கணும்" என்றார். ஆமாம் சார் என்றேன். வீடியோவும் வீணாகவில்லை. முதல்வர் அறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர்களுக்காகப் போட்டிருக்கிறார்கள். அந்த வீடியோக்காரர் அங்கேயும் இருமுவதில்லை.

"உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று முதல்வர் கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தேன். "சரி சார்" என்று வந்துவிட்டது. அதை யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

ஆகவே, நான் அங்கே வரவில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்ச் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்களுக்கு இது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. வீடு பார்த்தீர்கள், திரை வாங்கினீர்கள், பலகை வாங்கினீர்கள். ஒரு மனிதர் வாக்கியம் எழுதாமல் வேறு எப்படியெல்லாம் கூப்பிட முடியுமோ அப்படியெல்லாம் கூப்பிட்டீர்கள். நான் அதைப் புரிந்துகொள்ளாதவள் இல்லை. ஆனால் அந்த லேபில் பிள்ளைகள் "ரெண்டு!" என்று கத்தினார்களே, அதைக் கேட்டபிறகு என்னால் பிளே பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டு இருக்க முடியாது. அதைவிட்டுவிட்டு அங்கே வந்து பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. நீங்கள் பாறைக்கு அந்தப் பக்கம் விளக்கைப் பார்த்த அன்று தூங்கியிருக்கமாட்டீர்கள். அதே மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

வாய்தா திங்கட்கிழமை வீட்டுப்பாடம் கொண்டுவந்தாள். கேட்ட திங்கட்கிழமைக்கே! வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. நான் கொடுத்த கணக்கைச் செய்யவில்லை, அது வேறு விஷயம். அந்தச் சுரங்கப்பாதைப் பக்கத்தையே இன்னும் அழகாகச் செய்து, மலைக்குப் புல் எல்லாம் வரைந்து போனில் கொண்டுவந்திருந்தாள். இடது புள்ளிக்கு 'சார்' என்று பெயர். அது தெரிந்ததுதான். வலது புள்ளிக்கு 'மேடம்' என்று எழுதியிருந்தாள். வலது ஸ்லைடரை இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை. ஏன் பூட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "உங்களைத்தான் மேடம் காலேஜ்ல பூட்டிட்டாங்களே" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டு.

கரும்பலகை என்றதும் ஞாபகம் வருகிறது. குழுவின் வருகையை ஒட்டி எல்லா அறைகளையும் செப்பனிட்டார்களே, அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது என் பரவளையம் வழுக்கிக்கொண்டு போகிறது. பழைய மாணவன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், மேட்டைக் காணோமே, பாடத்திட்டம் மாறிடுச்சா?" என்று கேட்டான்.

இனி அளவு. நீங்கள் மூன்று கடிதமாகக் கேட்டு, நான் இரண்டு கடிதமாகத் தப்பித்த அளவு. இன்று காலை உங்கள் தங்கையை ஒரு முனையில் நிறுத்தி டேப் பிடித்து அளந்துவிட்டேன். அகலம் ஐந்தடி. உயரம் ஏழடி, அதற்கு மேல் போனால் சுவிட்ச் பெட்டி இடிக்கும். இது நம் வீட்டு முன்னறையில், சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் சுவரின் அளவு. பலகையை லாரியில் ஏற்றிவிடலாம், வந்து சேர்ந்துவிடும். அடிப்பதற்கு ஆளை லாரியில் ஏற்ற முடியாது.

இங்கே மலை இல்லாவிட்டாலும் சாலை போடுகிறார்கள், பாலம் கட்டுகிறார்கள், ஒழுகும் தொட்டிகள் ஏராளம். எதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அடுத்த மலையைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இதை எட்டிப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் தங்கை, "அண்ணி, கணக்கு டீச்சரா இருந்துக்கிட்டு இவ்வளவு சுத்திப் போறீங்களே, 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை எழுதினா பேனா தேஞ்சிருமா?" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான்.

வாருங்கள்.

'கிட்டத்தட்ட வந்துவிட்டேன்' என்று எழுதாதீர்கள். ரொம்பக் கிட்டப் போனால் போதும், உட்காரக் கூடாது என்பதெல்லாம் என் மாணவர்களுக்கு. எனக்கு அது போதாது. நீங்கள் வந்து, எதிர் நாற்காலியில் உட்கார வேண்டும். நான் 'ரெண்டு!' கதையை முதலிலிருந்து சொல்வேன். நீங்கள் 'ம்' மட்டும் சொன்னாலும் சரி.

பிடுங்கிய ஆணியை எறியவிடாமல் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கொஞ்சம் வளைந்திருக்கிறது, தட்டினால் நிமிர்ந்துவிடும். முதல் பலகைக்கு ஆகும்.

இப்படிக்கு,
இடம் மாறாமல் காத்திருக்கும்
உங்கள் மனைவி